கிரெடிட் ஃப்ரீஸ்: அமெரிக்காவில் வாழ்வோருக்கு ஓர் எளிய அறிமுகம்

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் ‘வங்கிக் கணக்கு முடக்கம்’ என்று படித்தே பழகியவர்களிடம், அமெரிக்காவுக்கு வந்த புதிதில் யாராவது ‘கிரெடிட் ஃப்ரீஸ் போட்டுவிட்டீர்களா?’ என்று கேட்டால் அவர்களுக்கு முதலில் அச்சமே தோன்றும். ஊரில் முடக்கம் என்பது வருமான வரித் துறையோ காவல் துறையோ ஒருவர்மீது எடுக்கும் நடவடிக்கை. அமெரிக்காவில் கிரெடிட் ஃப்ரீஸ் என்பது அதற்கு நேர் மாறானது. ஒருவர் தம் பாதுகாப்புக்காகத் தாமே விரும்பிச் செய்துகொள்வது அது. சட்டம் கொடுத்த உரிமை. ஒரு டாலர்கூடச் செலவில்லை. வங்கியில் உள்ள பணம், கையில் உள்ள கடன் அட்டை, மாதச் சம்பளம், ஓடிக்கொண்டிருக்கும் கார் கடன் ஆகிய எதையும் அது தொடுவதில்லை. உங்கள் பெயரில் புதிதாகக் கடன் கொடுக்க நினைக்கும் ஒரு நிறுவனம் உங்கள் கடன் வரலாற்றைத் திறந்து பார்க்க முடியாதபடி செய்வது ஒன்றே அதன் வேலை. அந்த ஒரு வேலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரிய, கடன் வரலாறு எங்கே, யாரிடம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு, ஒருவர் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்பதைக் காட்டும் மதிப்பெண்ணான ‘சிபில் ஸ்கோர்’ தெரிந்திருக்கும். அதே ஏற்பாடுதான் அமெரிக்காவில் இன்னும் பழையதாக, இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பெரிய நிறுவனங்கள் நாட்டில் கடன் வாங்கிய ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கின்றன. இவற்றைக் கிரெடிட் பீரோ என்கிறார்கள். இவை அரசு அலுவலகங்கள் அல்ல, தனியார் நிறுவனங்கள். இவற்றில் ஒன்றான டிரான்ஸ்யூனியன்தான் இன்று இந்தியாவின் சிபிலுக்கும் உரிமையாளர். நாம் இந்த மூன்றிடமும் போய் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட்டதில்லை. நமக்குக் கடன் அட்டை கொடுத்த வங்கியும், கார் கடன் கொடுத்த நிறுவனமும் மாதந்தோறும் அனுப்பும் தகவல்களைக் கொண்டு அவை தாமாகவே கோப்பைத் தொகுத்துக்கொள்கின்றன. மூன்றும் தனித்தனியானவை என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது, பின்னால் அது தேவைப்படும்.

இனித் திருட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் பெயர், பிறந்த தேதி, அமெரிக்க அரசு உங்களுக்கு வழங்கிய சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகிய மூன்றும் கையில் கிடைத்த ஒருவன், ஒரு பெரிய கடையின் கடன் அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறான். அட்டை வந்து சேர வேண்டிய முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் அவனுடையவை. விண்ணப்பத்தைப் பெற்ற நிறுவனம் மூன்று பீரோக்களில் ஒன்றிடம் உங்கள் கோப்பைக் கேட்கிறது. கோப்பில் ஒரு தவணைகூடத் தவறாத கார் கடனும், ஒழுங்காகக் கட்டிய அட்டைப் பாக்கிகளும், நல்ல ஸ்கோரும் இருக்கின்றன. சில நிமிடங்களில் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. அவன் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான், பில் அவன் கொடுத்த முகவரிக்குப் போகிறது, யாரும் கட்டுவதில்லை. பல மாதங்கள் கழித்து நீங்கள் வீட்டுக் கடனுக்காகப் போய் உட்காரும்போது, நீங்கள் கேள்வியே படாத கடையில் கட்டத் தவறிய பாக்கி ஒன்று உங்கள் பெயரில் நிற்கிறது. அந்தக் கடனைக் கட்டும் பொறுப்பு சட்டப்படி உங்களுடையது அல்ல. ஆனால் அதை நீங்கள் வாங்கவில்லை என்று நிறுவ, புகார், கடிதம், தொலைபேசி, மறுபடி கடிதம் என்று அலையும் அலைச்சல் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். நியாயமில்லாத ஏற்பாடுதான் இது, ஆயினும் நடைமுறை இதுவே.

இந்தச் சங்கிலியில் திருடனுடைய கைக்கு எட்டாத கண்ணி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: கடன் கொடுக்கும் நிறுவனம் பீரோவிடம் கோப்பைக் கேட்கும் அந்த இடம். முன்பின் தெரியாத ஒருவருக்குக் கோப்பைப் பார்க்காமல் கடன் கொடுக்க அநேகமாக எந்த நிறுவனமும் முன்வராது. கோப்பு முடக்கப்பட்டிருந்தால் பீரோவிடமிருந்து ‘இக்கோப்பு முடக்கத்தில் உள்ளது’ என்ற பதில்தான் வரும். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். திருடனிடம் உங்கள் எண் இருந்தும் அதனால் அவனுக்குப் பயனில்லாமல் போகிறது.

எண்ணையே ரகசியமாக வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அது இனி நடவாத காரியம் என்பதே என் கருத்து. 1936-இல் சோஷியல் செக்யூரிட்டி எண்களை வழங்கத் தொடங்கியபோது, ஒரு தொழிலாளியின் சம்பாத்தியத்தைக் கணக்கில் வைத்து முதுமையில் அவருக்கு ஓய்வூதியம் கொடுப்பது ஒன்றே அவற்றின் நோக்கம். 1946 முதல் பல ஆண்டுகள் அந்த அட்டைகளில் ‘அடையாளத்துக்காக அல்ல’ என்ற பொருள்பட ஒரு வரியே அச்சிடப்பட்டிருந்தது. 1972-இல் அது நீக்கப்பட்டது. அதற்குள் வங்கி, கல்லூரி, மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் என்று எல்லோரும் அந்த ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டுவாங்கிப் பதிந்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். இத்தனை இடங்களில் எழுதிவைத்த ஒன்றை ரகசியம் என்று சொல்ல முடியாது. கடவுச்சொல்லைத் திருடினால் மாற்றிக்கொள்ளலாம். இந்த எண்ணையும் பிறந்த தேதியையும் அப்படி மாற்றிக்கொள்ள வழியில்லை. மிகக் கடுமையான பாதிப்பு தொடரும் சிலருக்கு மட்டுமே அரசு புது எண் கொடுக்கிறது.

இது வெறும் அச்சுறுத்தல் அல்ல என்பதை நாடு முழுவதும் உணர்ந்தது 2017-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று எக்விஃபாக்ஸ் நிறுவனம் தன் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்ததை அறிவித்தது. இணையதளத்தை இயக்கிய ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளியாகியும், அந்நிறுவனம் அதை உரிய காலத்தில் பொருத்தாமல் விட்டதால் வந்த வினை அது. ஏறத்தாழ 14.7 கோடி பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் முதலியவை பறிபோயின. எல்லோருடைய கடன் வரலாற்றையும் காக்க வேண்டிய மூன்று நிறுவனங்களில் ஒன்றே இப்படித் திறந்து கிடந்தது என்பதுதான் மக்களைக் கொதிக்க வைத்தது. அதுவரை முடக்கம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட சட்டங்களின்படி இயங்கியது. பல மாநிலங்களில் போடுவதற்கும் எடுப்பதற்கும் ஒவ்வொரு பீரோவும் கட்டணம் வசூலித்துக்கொள்ளலாம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று பீரோவிலும் அது கணிசமான தொகை. 2018 மே மாதம் கையெழுத்தான ஒரு கூட்டாட்சிச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல், நாடு முழுவதும், முடக்குவதும் விலக்குவதும் இலவசம்.

அச்சட்டம் காலக்கெடுவையும் விதித்திருக்கிறது. இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலைநாளுக்குள் பீரோ கோப்பை முடக்கியாக வேண்டும். விலக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் விலக்கியாக வேண்டும். அஞ்சலில் கேட்டால் இரண்டுக்கும் மூன்று வேலைநாள். நடைமுறையில் இணையத்தில் இது சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுவதுண்டு. ஒருமுறை போட்ட முடக்கம் நீங்களே எடுக்கும்வரை நீடிக்கும். ஆகவே ‘உங்கள் முடக்கம் காலாவதியாகிறது, புதுப்பிக்க இங்கே அழுத்துங்கள்’ என்று மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்தால் அது மோசடி என்று தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

முடக்கத்தால் கிரெடிட் ஸ்கோர் குறையுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. குறையாது, கூடவும் செய்யாது. உங்கள் வங்கிகள் வழக்கம்போல் உங்கள் தவணைகளைப் பீரோவுக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கும்; ஸ்கோர் வழக்கம்போல் வளரும். உங்கள் கோப்பை நீங்கள் பார்ப்பதற்கும் தடையில்லை. ஏற்கெனவே உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள், பாக்கி வசூலிப்பவர்கள், சட்டப்படி கேட்கும் அரசு அமைப்புகள் ஆகியோருக்கும் கோப்பு திறந்தே இருக்கும். வேலைக்கு எடுக்குமுன் நடக்கும் பின்னணிச் சோதனை, காப்பீட்டுக் கட்டண நிர்ணயம், வாடகை வீட்டுக்கான சோதனை ஆகியவற்றுக்கும் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. எனினும் அடுக்குமாடிக் குடியிருப்பு அலுவலகங்கள் சில, விண்ணப்பத்தின்போது முடக்கத்தை விலக்கித் தரும்படி கேட்பதுண்டு. அப்போது விவாதித்துக்கொண்டிராமல் இரண்டு நாள்களுக்கு விலக்கிக் கொடுப்பதே எளிது.

செய்யும் முறைக்கு வருவோம். மூன்று பீரோக்களிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் செய்தால் மற்ற இரண்டுக்கும் அது தானாகப் போய்ச் சேராது. எந்தக் கடன் நிறுவனம் எந்தப் பீரோவிடம் கேட்கும் என்று முன்கூட்டித் தெரியாது, எனவே இரண்டில் முடக்கிவிட்டு மூன்றாவதை விட்டுவைப்பது, வாசலையும் கொல்லையையும் பூட்டிவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. தேடுபொறியில் தேடி வரும் விளம்பரத்தை அழுத்தாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், இப்போதைய முகவரி, பழைய முகவரிகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். நீங்கள் முன்பு குடியிருந்த தெரு எது, கார் கடன் எந்த நிறுவனத்தில் வாங்கினீர்கள் என்பன போன்ற கேள்விகளும் வரலாம். அங்கே உருவாக்கும் கணக்கின் கடவுச்சொல்தான் இனி உங்கள் பூட்டின் சாவி. வேறு எங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல்லை வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள். அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிட்ட ஒருவனால் முடக்கத்தை உங்களைப் போலவே விலக்கவும் முடியும்.

இந்தப் பக்கங்களில் புதியவர்கள் வழிதவறும் இடம் ஒன்று உண்டு. ஃப்ரீஸ் என்ற சொல்லை ஒரு மூலையில் வைத்துவிட்டு, ‘கிரெடிட் லாக்’ என்ற இன்னொன்றையும் மாதக் கட்டணக் கண்காணிப்புத் திட்டங்களையும் பெரிய எழுத்தில் முன்னே நிறுத்துவார்கள். லாக் என்பது அந்த நிறுவனம் விற்கும் ஒரு சேவை. அதன் நிபந்தனைகள் அந்த நிறுவனம் எழுதியவை. ஃப்ரீஸ் என்பது சட்டம் எழுதியது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும்போது, இலவசமாகவும் சட்டப் பாதுகாப்புடனும் கிடைப்பதை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் பணம் கட்டக் காரணமே இல்லை. பணம் கேட்கும் பக்கம் வந்தால் பின்னே வந்து ‘செக்யூரிட்டி ஃப்ரீஸ்’ என்று எழுதியிருக்கும் இணைப்பைத் தேடுங்கள்.

தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கப் படிவங்களுக்குப் புரிவதில்லை. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும். விசாவில் முதற்பெயர் ‘தெரியவில்லை’ என்று பதிவாகியிருக்கும். முதல் கடன் அட்டையில் இரண்டும் இடம் மாறியிருக்கும். இப்படி ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர் வடிவங்கள் பீரோவின் கோப்பில் சேர்ந்துவிடுவதால், இணையத்தில் அடையாளச் சரிபார்ப்பு தோற்றுப்போகலாம். சோர்ந்துவிட வேண்டாம். கடன் அட்டையிலோ கார் கடனிலோ உள்ளபடியே பெயரைக் கொடுத்து ஒருமுறை முயன்று பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, சமீபத்திய மின்கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களுடன் அஞ்சலில் அனுப்பலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நடந்துவிடும்.

பிறகு நீங்களே ஒரு கடன் வாங்க வேண்டிய நாள் வரும். அப்போது முடக்கத்தை நிரந்தரமாக எடுத்துவிட வேண்டியதில்லை. ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை’ என்று தற்காலிகமாக விலக்கினால் போதும், கெடு முடிந்ததும் அது தானே மூடிக்கொள்ளும். கார் வாங்கப் போகும் இடத்தில் ‘எந்தப் பீரோவில் பார்ப்பீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் திறக்கலாம். வீட்டுக் கடனுக்கு மூன்றையுமே பார்ப்பார்கள். அதுவும் ஒரு முறையோடு நிற்காமல், பத்திரப் பதிவுக்குச் சற்று முன்னால் மறுபடியும் பார்ப்பார்கள். ஆகவே அதற்கு மட்டும் காலக்கெடுவைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய கைப்பேசி இணைப்பு, மின் இணைப்பு ஆகியவற்றுக்கும் கோப்பைப் பார்ப்பவர்கள் உண்டு என்பதை, வீடு மாறும் வாரத்தில் நினைவில் வைத்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது குழந்தைகளைப் பற்றி. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்கு மருத்துவமனையிலேயே படிவம் நிரப்பி, சில வாரங்களில் சோஷியல் செக்யூரிட்டி அட்டை வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த எண் பதினெட்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாமல், யாரும் கவனிக்காமல் கிடக்கும். திருடனுக்கு அதைவிட வசதியான எண் இல்லை. அவன் குழந்தையின் பெயரைக்கூடப் பயன்படுத்துவதில்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கற்பனைப் பெயரையும் வயது வந்த ஒருவரின் பிறந்த தேதியையும் அதனோடு ஒட்டி, இல்லாத ஒரு மனிதரையே உருவாக்குகிறான். முன்பெல்லாம் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களிலிருந்து அது வழங்கப்பட்ட மாநிலத்தை ஊகிக்க முடியும். 2011 ஜூன் முதல் எண்கள் எந்த வரிசையும் இன்றி வழங்கப்படுவதால், எண்ணை வெறுமனே பார்த்து ஐயப்படும் வாய்ப்பும் குறைந்துவிட்டது. கல்லூரிக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் பிள்ளைக்கு விஷயம் தெரியவரும். இதைத் தடுக்க, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோர் முடக்கம் கேட்கலாம் என்று அதே 2018-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்குக் கோப்பே இல்லாவிட்டாலும், முடக்குவதற்காகவே பீரோ ஒரு பதிவை உருவாக்கும்; அதைக் கொண்டு யாரும் கடன் வாங்க முடியாது. பெரும்பாலும் இது அஞ்சல் வழியாகவே நடக்கிறது: பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பெற்றோரின் அடையாள ஆவணம் ஆகியவற்றின் நகல்களை மூன்று பீரோக்களுக்கும் தனித்தனி உறைகளில் அனுப்ப வேண்டும். 16 வயது ஆனபின் பிள்ளை தானே கேட்டுக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை காலையை இதற்கு ஒதுக்கினால் போதும்.

முடக்கம் காக்காத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள உங்கள் கடன் அட்டையின் எண்ணைத் திருடி ஒருவன் செலவழித்தால் அதை இது தடுக்காது. அதற்கு அட்டை நிறுவனத்திடம்தான் புகார் செய்ய வேண்டும், சட்டப்படி உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். உங்கள் எண்ணில் பொய்யான வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, திரும்ப வரும் தொகையைச் சுருட்டுவது இன்னொரு வகை. அதைத் தடுக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆறு இலக்க அடையாள ரகசிய எண் (PIN) ஒன்றை ஆண்டுதோறும் புதிதாகத் தருகிறது. 2021 முதல் அடையாளத்தை நிரூபிக்கும் எந்த வரி செலுத்துபவரும் அதைக் கேட்டுப் பெறலாம். அந்த எண் இல்லாமல் உங்கள் பெயரில் மின்னணு முறையில் வரும் கணக்கு ஏற்கப்படாது. புதிய வங்கிக் கணக்குத் திறக்கும்போது பல வங்கிகள் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற வேறொரு நிறுவனத்திடம் கேட்கின்றன. அங்கேயும் இலவசமாக முடக்கம் போடலாம்.

எண் திருடு போனதாகச் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் ஓராண்டுக் கண்காணிப்புச் சேவையை இலவசமாகத் தருவது வழக்கம். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதையே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் பெயரில் புதுக் கணக்கு திறந்த பிறகு அது உங்களுக்குச் செய்தி சொல்லும், திறப்பதைத் தடுக்காது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்யும் நிலைதான். ‘ஃப்ராடு அலர்ட்’ என்ற எச்சரிக்கைக் குறிப்பும் உண்டு. அது ஓராண்டு நிற்கும். ஒரு பீரோவில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் அதுவே தெரிவித்துவிடும். கடன் கொடுப்பவர் விண்ணப்பித்தவர் நீங்கள்தானா என்று உறுதிசெய்துகொள்ள முயல வேண்டும். முடக்கத்தைவிட மென்மையானது. ஏற்கெனவே திருட்டுக்கு ஆளானவர்கள் ஏழாண்டு நீடிக்கும் எச்சரிக்கையைக் கேட்டுப் பெறலாம், முடக்கத்தோடு சேர்த்தே அதையும் வைத்துக்கொள்ளலாம்.

முடக்கும் அன்றே கோப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் மூன்று பீரோக்களின் அறிக்கைகளையும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பெறலாம். அதில் உங்களுக்குத் தெரியாத கணக்கு ஒன்று கண்ணில் பட்டால், ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் திருட்டைப் பதிவுசெய்து, அது தரும் அறிக்கையைப் பீரோவுக்கு அனுப்ப வேண்டும். உரிய ஆவணங்கள் கிடைத்த நான்கு வேலைநாள்களுக்குள் அந்தப் பொய்த் தகவலைக் கோப்பிலிருந்து பீரோ மறைத்தாக வேண்டும்.

வேலை முடித்துச் சென்னைக்கோ கோவைக்கோ நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வீட்டைக் காலி செய்து, காரை விற்று, வங்கிக் கணக்கையும் மூடிவிடுவார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கடன் கோப்பும் மட்டும் இங்கே உயிரோடு இருக்கும், கவனிக்க ஆளின்றி. பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பவர் யாரும் இல்லை என்பதால் திருட்டு நடந்தாலும் தெரியவராது. விமானம் ஏறுமுன் குடும்பத்தில் எண் உள்ள ஒவ்வொருவருக்கும், இங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, மூன்று பீரோக்களிலும் முடக்கம் போட்டுவிட வேண்டும். அந்தக் கணக்குகளோடு இணைந்த தொலைபேசி எண்ணையும் பாருங்கள். சரிபார்ப்புக் குறியீடு அமெரிக்கக் கைப்பேசி எண்ணுக்கே வருவதாக இருந்து, அந்த எண்ணை நீங்கள் கைவிட்டுவிட்டால், கொஞ்ச நாளில் அது வேறொருவருக்குப் போய்விடும். பின்னாளில் பிள்ளை மேற்படிப்புக்காக இங்கே வரும்போது முடக்கத்தை விலக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த எண்ணைக் குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றுக்கு மாற்றித் தக்கவைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியும் அலுவலகம் கொடுத்ததாக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்காக அஞ்சலில் அனுப்பிய கடிதங்களின் நகல்களையும் பீரோக்களிலிருந்து வந்த உறுதிக் கடிதங்களையும் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்துக் கைப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.